பதினோராவது பெயர்

போன மாதம் பெரியம்மா வீட்டில் ஒரு விசேஷம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கீழே கதை பேசிக்கொண்டிருக்க, நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் கடைசிப் பையனும் மேலே வந்தான். கல்லூரி கால்பந்து அணியில் ஃபார்வர்ட், கோல் போட வேண்டிய முன்வரிசை ஆள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, 2015-16-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டியில் வந்து நின்றது. "அந்த டீம் பதினோரு பேரையும் சொல்லு பார்ப்போம்" என்றேன். அந்த சீசன் நடந்தபோது அவனுக்குப் பத்து வயது இருக்கும், ஆனாலும் கடகடவென்று ஆரம்பித்தான். ஷ்மைக்கேல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், ஃபுக்ஸ், மாரெஸ், டிரிங்க்வாட்டர், கான்டே, ஆல்பிரைட்டன், வார்டி. அங்கே நின்றுவிட்டான்.

"இன்னொருத்தர் யாருண்ணா... வார்டி பக்கத்துல ஆடுவாரே, அந்த ஜப்பான்காரர். ஓடிக்கிட்டே இருப்பாரே."

அந்த அணியைப் பற்றிப் பேசுகிற யாரிடம் கேட்டாலும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள், இதே பதில்தான் வருகிறது. பெயர் ஞாபகம் இல்லை, ஓடியது ஞாபகம் இருக்கிறது. ஷின்ஜி ஒகசாகி என்று நான் சொன்னதும் "ஆங், அவர்தான்" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. இந்த சீசனில் ஏழு ஆட்டம் ஆடியிருக்கிறான், ஒரு கோல்கூட இல்லை. "எல்லாரும் நல்லா ஓடுறேன்னு சொல்றாங்கண்ணா. கோச்சும் அதையேதான் சொல்றார். கோல் ஏன் போடலைன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதுதான் கஷ்டமா இருக்கு."

அன்று அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. ஒகசாகியை "உழைப்பாளி" என்று சொல்லிப் புகழ்பவர்கள் அவரைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த மனிதருக்குக் கோல் வேண்டும். வாழ்நாள் முழுக்க அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஓடியதெல்லாம் அதற்காகத்தான்.

1986 ஏப்ரலில் ஹியோகோ மாகாணத்தின் தகராசுகாவில் பிறந்தவர். உயரம் 174 சென்டிமீட்டர், ஒரு சென்டர் ஃபார்வர்டுக்கு இது குறைவு. வேகமும் கிடையாது, அதை அவரே எந்தத் தயக்கமும் இல்லாமல் பேட்டிகளில் சொல்வார். சரி, உயரமும் இல்லை, வேகமும் இல்லை, பந்தை வைத்து மூன்று பேரை ஏமாற்றும் கால் வித்தையும் இல்லை என்றால் ஒருவர் முன்வரிசையில் என்னதான் செய்வது? சிறுவயதில் ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டதை அவர் கடைசிவரை தன் தாரக மந்திரம் போலச் சொல்லி வந்தார்: "இஷ்ஷோ டைவிங் ஹெட்". ஆயுசுக்கும் டைவிங் ஹெட்டர் என்று அர்த்தம். காலால் எட்டக்கூடிய பந்தாக இருந்தாலும் தலையைக் கொடு, விழுந்தாலும் பரவாயில்லை.

கோபேயில் இருக்கும் தகிகாவா தைனி என்ற உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். ஜப்பானில் பள்ளிக் கால்பந்து ரொம்பப் பெரிய விஷயம். புத்தாண்டை ஒட்டி நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டியை நாடே டிவியில் பார்க்கும், அங்கிருந்து நேராக ஜப்பானின் தொழில்முறை லீகான ஜே லீக் அணிகளுக்குப் பையன்கள் போவார்கள். ஒகசாகியும் அப்படித்தான் 2005-ல் ஷிமிசு எஸ்-பல்ஸ் அணிக்குப் போனார். போனபோது அங்கிருந்த எட்டு ஃபார்வர்டுகளில் தான் எட்டாவது ஆள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். எட்டாவது ஆளுக்குப் பெஞ்சில்கூட இடம் இருக்காது. அங்கே அவருக்குக் கிடைத்த ஒரு பெரிய உதவி, ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக ஓடிய ஒரு முன்னாள் ஸ்பிரிண்டர். கால் எங்கே ஊன்ற வேண்டும், உடம்பை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று ஓட்டத்தை அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுத்தார். இருபது வயது தாண்டிய ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் ஓடுவதற்குப் பயிற்சி எடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பல வருடம் கழித்து ஐரோப்பாவில் ஆடும்போதும் அவரோடு தொடர்பை விடவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. அந்த அணியில் ஹோண்டா, ககாவா, நகாடோமோ, உச்சிடா, ஒகசாகி எல்லோரும் இருந்தார்கள். அடுத்த பத்து வருடம் ஜப்பான் கால்பந்தைத் தூக்கிச் சுமக்கப்போகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து தோற்ற போட்டி அது. அதே வருடம் அக்டோபரில் ஒகசாகி முதன்முறையாக தேசிய அணிக்கு ஆடினார்.

தம்பிக்கு முதலில் காட்டியது 2009 ஜூன் 6, தாஷ்கண்ட். உஸ்பெகிஸ்தானோடு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, ஜெயித்தால் தென்னாப்பிரிக்காவுக்கு டிக்கெட் உறுதி. ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிடம். நகமுரா கெங்கோ பின்வரிசைக்கு மேலாக ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். ஒகசாகி ஓடிப்போய் இடது காலால் அடிக்கிறார். கீப்பர் தடுத்துவிடுகிறார். பந்து எகிறி மேலே வருகிறது. இங்கே நிறுத்தி, மறுபடி ஓட விட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் அடியை அடித்த பிறகு அவர் நிற்கவே இல்லை. தலையில் கை வைக்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, அடித்த வேகத்திலேயே உடம்பு பந்தின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, அப்படியே சரிந்து விழுந்துகொண்டே தலையைக் கொடுக்கிறார். கோல். அந்த ஒரு கோலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜப்பான் மீதி 80 நிமிடம் தாங்கியது. கடைசி நேரத்தில் ஹசெபேவுக்கு ரெட் கார்டு, பயிற்சியாளர் ஒகாடாவையும் நடுவர் வெளியே அனுப்பிவிட்டார், அப்படியும் 1-0. போட்டியை நடத்தும் தென்னாப்பிரிக்காவைத் தவிர்த்து, 2010 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணி ஜப்பான்தான்.

அந்த வருடம் அவருக்கு எதைத் தொட்டாலும் கோல். அக்டோபரில் ஹாங்காங்கோடு ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்), ஒரு வாரத்துக்குள் டோகோவோடு இன்னொரு ஹாட்ரிக். 2009-ல் சர்வதேசப் போட்டிகளில் உலகிலேயே அதிக கோல் போட்டவர் என்று கால்பந்துப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஐ.எஃப்.எஃப்.எச்.எஸ் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. எட்டில் எட்டாவது ஆளாகத் தொடங்கி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அந்தக் கோல்களால் தகுதி பெற்ற உலகக் கோப்பையிலேயே அவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் அணி சொதப்பியதால் ஒகாடா கடைசி நேரத்தில் திட்டத்தையே மாற்றி, ஹோண்டாவை முன்னால் தனியாக நிறுத்தினார். அது பலித்தது, அதனால் குறை சொல்லவும் முடியாது. மூன்றாவது ஆட்டம் டென்மார்க்கோடு. ஒகசாகி 74-வது நிமிடத்தில் இறங்கினார். 87-வது நிமிடத்தில் ஹோண்டா ஒருவரைத் திருப்பி ஏமாற்றிவிட்டு, கீப்பர் தன் பக்கம் வந்ததும் பந்தைப் பக்கவாட்டில் தள்ள, அங்கே இருந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. 3-1.

அந்த ஆட்டம் நடந்த தேதி 2010 ஜூன் 24. இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 2014 உலகக் கோப்பையில் கொலம்பியாவிடம் ஜப்பான் 4-1 என்று அடிவாங்கிய ஆட்டம், அதில் ஜப்பானின் ஒரே கோல் இடைவேளைக்குச் சற்று முன் ஒகசாகியின் தலையிலிருந்து வந்தது, தேதி ஜூன் 24. 2018-ல் செனகலோடு 2-2 என்று முடிந்த ஆட்டமும் ஜூன் 24 தான். அதில் அவர் கோல் போடவில்லை. ஆனால் எனக்கு மூன்றிலும் பிடித்தது அதுதான், காரணம் சொல்கிறேன்.

ஜப்பானியக் கால்பந்துப் பேச்சில் "சுபுரேயாகு" என்று ஒரு சொல் உண்டு. நசுங்கும் வேடம் என்று சொல்லலாம். எதிரணி டிஃபெண்டரையோ கீப்பரையோ தன் மேல் இழுத்துக்கொண்டு, மோதி, கீழே விழுந்து, பின்னால் வருகிறவனுக்கு வழி விடுகிற ஆள். செனகல் ஆட்டத்தில் ஜப்பான் 2-1 பின்தங்கியிருந்தபோது 75-வது நிமிடத்தில் ஒகசாகி உள்ளே வந்தார். மூன்றே நிமிடத்தில் ஒரு கிராஸ், கீப்பர் வெளியே வந்து தப்பவிட்டார், ஒகசாகி கீப்பரோடு மோதித் தரையில் கிடக்கிறார், பந்து மறுபக்கம் போக இனுய் அதைத் திருப்பி உள்ளே தர, ஹோண்டா காலி கோலில் போடுகிறார். எல்லோரும் ஹோண்டாவை நோக்கி ஓடுகிறார்கள். அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் ஜப்பான் அடுத்த சுற்றுக்கே போயிருக்காது. கடைசியில் செனகலும் ஜப்பானும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமமாக நின்று, மஞ்சள் அட்டை குறைவு என்ற கணக்கில்தான் ஜப்பான் மேலே போனது.

இப்போது ஜெர்மனிக்குப் போகலாம். 2011 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை, சவுதியோடு ஹாட்ரிக், ஜப்பான் சாம்பியன். அந்தக் கையோடு ஸ்டுட்கார்ட் அணி. அங்கே இரண்டரை வருடம் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆட விட்டார்கள். ஓரத்தில் நிறுத்தியதற்குக் காரணம் அவர் பின்னால் வந்து டிஃபென்ஸுக்கு உதவுவார் என்பதுதான். உழைப்பாளி என்ற பட்டம் ஒருவனைக் கோலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இடையில் ஹனோவரோடு ஒரு ஓவர்ஹெட் கிக் (தலைக்கு மேலாகப் பின்புறமாக உதைப்பது) கோல் அடித்தார், அந்த மாதத்தின் சிறந்த கோல் என்று ஜெர்மானிய டிவி ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் லீக்கில் மொத்தம் 10 கோல்தான்.

2013-ல் மைன்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் தாமஸ் டுக்கல். அவர் செய்த ஒரே காரியம், ஒகசாகியை நடுவில், முன்னால் நிறுத்தியது. முதல் சீசனில் 15 கோல், அடுத்ததில் 12. அதே ஆள், அதே கால், அதே வேகம். நிற்கும் இடம் மட்டும் இருபது மீட்டர் மாறியிருந்தது. 1977-ல் கோல்ன் அணிக்குப் போய் ஜெர்மன் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் என்ற பெயர் பெற்ற ஒகுதேரா யசுஹிகோவின் 26 கோல் சாதனையை ஒகசாகி இங்கேதான் தாண்டினார்.

இதைக் கேட்டதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னையும் இப்போ ரைட் விங்லதான் போட்டிருக்காங்க."

சரி, லெஸ்டர். 2015 ஜூன் கடைசி வாரத்தில் அவரை வாங்கினார்கள். வாங்கிய பயிற்சியாளர் நைஜல் பியர்சனை அதே மாதம் 30-ம் தேதி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். புது நாட்டுக்கு வந்து இறங்குகிறீர்கள், உங்களை நம்பிக் கூப்பிட்ட ஆள் ஒரு வாரத்துக்குள் போய்விட்டார், யாரும் எதிர்பார்க்காத கிளாடியோ ரனியேரி வந்து நிற்கிறார். அந்த அணி முந்தைய சீசனில் இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே இறங்காமல் தப்பித்ததே பெரிய கதை. சாம்பியன் ஆவதற்கு 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் விலை வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஆட்டம் வெஸ்ட் ஹாம் மைதானத்தில். ஒகசாகி அந்தரத்தில் வந்த பந்தை ஓங்கி அடிக்க, கீப்பர் அட்ரியன் தடுக்க, திரும்பி எகிறிய பந்தைத் தலையால் உள்ளே தள்ளினார். தாஷ்கண்டை அப்படியே எடுத்து லண்டனில் வைத்தது மாதிரி இருக்கும். இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஆறு வருடம் கழித்தும் அதேதான்: முதல் அடி போன பிறகு நிற்காத அந்த உடம்பு.

அந்த சீசனில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஓடினார்" என்பது எதையும் சொல்லாத சொல். லெஸ்டர் ஆடியது பழைய பாணி 4-4-2, அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. முன்னால் வார்டி, ஒகசாகி. பந்து எதிரணியிடம் போனதும் வார்டி மேலேயே நிற்பார், ஒகசாகி பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் வந்து எதிரணியின் நடுக்கள ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆளுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். பந்தை வைத்திருக்கும் எதிரணியின் சென்டர் பேக்குக்கு (பின்வரிசையின் நடுவில் நிற்பவருக்கு) நேராக முன்னால் கொடுக்க வழி இல்லை. சரியென்று பக்கத்தில் கொடுக்கிறான், ஒகசாகி வளைந்து ஓடி, அந்த நடுக்கள ஆளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தபடியே, பந்தை வாங்கியவனிடம் போகிறார். இப்போது ஓரத்துக்குத்தான் போக முடியும். ஓரத்தில் ஆல்பிரைட்டன் காத்திருப்பார். வேறு வழியில்லாமல் நீளமாகத் தூக்கி அடிப்பார்கள், மோர்கனும் ஹூத்தும் அதைத் தலையால் திருப்புவார்கள், கீழே விழுவதைக் கான்டே பொறுக்குவார், ஒரே பாஸ், வார்டி ஓடிக்கொண்டிருப்பார். டிவியில் கேமரா பந்தின் பின்னால் போவதால் நாம் பார்ப்பது கான்டேவிலிருந்துதான். அதற்கு முந்தைய எட்டு நொடியை யாரும் பார்ப்பதில்லை. இதை ஒரு மணி நேரம் செய்தால் யாருக்கும் மூச்சு நின்றுவிடும். ஆகவே 60-லிருந்து 70 நிமிடத்துக்குள் ஆள் மாற்றும் பலகை மேலே போகும், ஒகசாகி வெளியே, உயரமான உயோவா உள்ளே. கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும்.

அந்த வெளியேறும் காட்சியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அவர் முகத்தில் திருப்தி இருக்காது. கோல் போடாமல் வெளியே போகும் ஸ்ட்ரைக்கரின் முகம் அது.

2016 மார்ச் 14, திங்கட்கிழமை இரவு, நியூகாசில் லெஸ்டருக்கு வந்திருந்தது. ரஃபா பெனிடெஸ் அவர்களுக்குப் பயிற்சியாளராக வந்து முதல் ஆட்டம். நமக்கு அது விடியற்காலை 1.30 மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். டோட்டன்ஹாம் முந்தின நாள் ஜெயித்து இடைவெளியை இரண்டு புள்ளியாகக் குறைத்திருந்தது. லெஸ்டர் எப்போது தடுக்கி விழும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்த சமயம். 25-வது நிமிடம், ஒரு ஃப்ரீ கிக், அரைகுறையாக வெளியே அடித்த பந்தை ஆல்பிரைட்டன் மறுபடி உள்ளே போட, வார்டி அதைத் தலையால் கோலுக்குக் குறுக்கே திருப்புகிறார். ஒகசாகி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். திரும்ப நேரம் இல்லை. உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து அந்தரத்தில் காலை வீசினார். பந்து கீப்பரைத் தாண்டி வலையில். நான் கத்தக் கூடாதென்று வாயில் கையை வைத்துக் கடித்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1-0. இடைவெளி மறுபடி ஐந்து புள்ளி. அந்த சீசனில் லீக்கில் அவருடைய கோல் மொத்தம் 5. வெஸ்ட் ஹாம், நியூகாசில், எவர்டன், ஆஸ்டன் வில்லா என்று நான்கும் வெளியூர் மைதானங்களில். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் போட்டது இந்த ஒன்றுதான். 36 ஆட்டத்தில் 5 கோல் என்று எண்ணிக்கையை மட்டும் படிப்பவருக்கு இது சாதாரணமாகத் தெரியும், அன்றிரவு 1.55 மணிக்கு விழித்திருந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. மே 2-ம் தேதி செல்சி டோட்டன்ஹாமை 2-2 என்று நிறுத்தியதும் லெஸ்டர் சாம்பியன். 81 புள்ளி, இரண்டாவது வந்த ஆர்சனலை விடப் பத்து அதிகம். 2013-ல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ககாவா வென்றதற்குப் பிறகு, பிரீமியர் லீக் பதக்கம் வாங்கிய இரண்டாவது ஜப்பானியர் ஒகசாகி.

அதற்குப் பிறகு லெஸ்டர் ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கியது. சிலிமானி வந்தார், அடுத்து இஹியனாச்சோ வந்தார். யாரும் வார்டி பக்கத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்றதும் மறுபடி ஒகசாகியைக் கூப்பிடுவார்கள். அவர் போய் ஓடுவார். சாம்பியன்ஸ் லீக்கில் கிளப் புரூஜோடு கோல் போட்டார், 2017-ல் ஆர்சனலோடு 4-3 என்று முடிந்த சீசனின் முதல் ஆட்டத்தில் தலையால் ஒன்று. கடைசி சீசனில் லீக்கில் ஒன்றுகூட இல்லை. நான்கு வருடத்தில் மொத்தம் 114 லீக் ஆட்டம், 14 கோல்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் என்ன செய்வார்? 33 வயது, கையில் பிரீமியர் லீக் பதக்கம். ஊருக்குத் திரும்பினால் ஜே லீக் அணிகள் மாலை போட்டு வரவேற்கும். ஒகசாகி என்ன செய்தார் தெரியுமா, ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனுக்குப் போனார். ஸ்ட்ரைக்கராக ஆட வேண்டும், கோல் போட வேண்டும் என்பதை அவர் ஒளித்துப் பேசவில்லை. லெஸ்டரில் தனக்குக் கிடைத்த பாராட்டு தனக்குப் போதவில்லை என்பதை அப்போதைய பேட்டிகளைப் படித்தாலே புரியும். உலகமே "நீ செய்ததுதான் பெரிய வேலை" என்று தட்டிக்கொடுக்கும்போது, இல்லை, எனக்கு வேண்டியது இது இல்லை என்று எழுந்து போவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

போன இடத்திலும் முதலில் அடிதான். மலாகா அணி ஜூலை கடைசியில் ஒப்பந்தம் போட்டது. ஆனால் ஸ்பானிய லீக்கில் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பு உண்டு, அதற்குள் அடங்காததால் அவர் பெயரைப் பதிவே செய்ய முடியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆடாமல் செப்டம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்து. மறுநாளே உவெஸ்கா என்ற அணி அவரை எடுத்துக்கொண்டது. அரகோன் பகுதியில், பிரனீஸ் மலை அடிவாரத்தில், ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். அங்கே நடுவில், முன்னால் நிறுத்தினார்கள். 12 கோல். அந்த அணியில் அந்த சீசனில் அதிகம் அவர்தான். இடையில் கொரோனாவால் மூன்று மாதம் எல்லாம் நின்று, காலி மைதானங்களில் மறுபடி ஆரம்பித்து, 2020 ஜூலையில் உவெஸ்கா இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. லெஸ்டர் பட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிது. என் பேச்சைக் கேட்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. லெஸ்டரில் அவர் மற்றவர்கள் கோல் போட வழி செய்தார். உவெஸ்காவில் அவருக்கு அவர் போட்டார், 34 வயதில்.

முதல் டிவிஷனில் கோல் மறுபடி வற்றியது, அணியும் கீழே இறங்கியது. பிறகு கார்த்தஹேனாவில் ஒரு வருடம், பிறகு பெல்ஜியத்தில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வாங்கி நடத்தும் சின்ட்-ட்ரூய்டன். அங்கே ககாவா ஏற்கெனவே இருந்தார், அவர் பெயரும் ஷின்ஜிதான், இரண்டு ஷின்ஜியும் ஒரே அணியில் கொஞ்ச காலம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2024 மே மாதம், 38 வயதில், ஆட்டத்தை விட்டார்.

தேசிய அணிக்கு 119 ஆட்டம், 50 கோல். அவருக்கு மேலே ஜப்பானில் இரண்டே பேர்: 75 கோல் போட்ட கமமோடோ, 55 கோல் போட்ட மியுரா கசுயோஷி. கமமோடோ 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர், மியுராவை ஜப்பானில் "கிங்" என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் மைதானத்துக்குள் வந்தாலே கண் அவர்கள் மேல்தான் போகும். மூன்றாவது இடத்தில், எட்டில் எட்டாவது ஆளாக இருந்த ஒருவர். 50 என்ற எண்ணைத் தம்பியிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடிப் பார்த்தான்.

"ஐம்பதா? அப்புறம் ஏன்ணா எல்லாரும் ஓடுவார்னே சொல்றாங்க?"

எனக்கும் அதே கேள்விதான், அதனால் பதில் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் மைன்ஸுக்கே திரும்பிவிட்டார். அங்கே 2014-ல் தன் பள்ளிக்கால நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய பசாரா மைன்ஸ் என்ற சின்ன அணி இருக்கிறது, ஜெர்மனியின் அடிமட்ட லீக்கில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்த அணி, ஜப்பானிலிருந்து வரும் பையன்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள். அதற்குப் பயிற்சியாளராகப் போய் நின்றார். அவரிடம் வரும் ஸ்ட்ரைக்கர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று ஒரு நாள் ஓரமாக நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கீழே பெரியம்மா காபிக்குக் கூப்பிட்டார்கள். தம்பி எழுந்திருக்கவில்லை. தாஷ்கண்ட் வீடியோவை மறுபடி போட்டு, கீப்பர் கையில் பந்து படும் இடத்தில் நிறுத்தி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இங்க பாரு. பந்து கீப்பர் மேல படறதுக்கு முன்னாடியே அடுத்த காலை எடுத்து வச்சுட்டார்."